எஸ்ஏடி சொற்கள்: நெட்டுருவும் அதற்குப் பிறகும்

அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் அகராதியில் 'எஸ்ஏடி சொல்' என்று ஒரு தனி ரகம் உண்டு. பேச்சில் யாரும் புழங்காத, பழைய நாவலில் எப்போதாவது தலைகாட்டுகிற, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகிற சொல் அது. வாயாடியைக் குறிக்க 'கேரலஸ்', அழுமூஞ்சியைக் குறிக்க 'லுகூப்ரியஸ்', தொடைநடுங்கியைக் குறிக்க 'பியூசிலானிமஸ்'. நல்ல கல்லூரியில் இடம் வேண்டுமானால் எஸ்ஏடி எழுத வேண்டும், எஸ்ஏடியில் மார்க் வேண்டுமானால் இவற்றை உருப்போட வேண்டும் என்பது அரை நூற்றாண்டுக்கு அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. பாரன்ஸ் நிறுவனம் போட்ட வழிகாட்டி நூலில் இருந்த பட்டியல் பேர்போனது: 3,500 சொற்கள். ஒரு நாளைக்கு இருபது என்று கணக்குப் போட்டாலும் ஆறு மாதம் ஓடிவிடும்.

2014 மார்ச்சில் இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தலைவர் டேவிட் கோல்மன் ஒரு மாற்றத்தை அறிவித்தார். தூசி படிந்த சொற்கள் இனி வராது, கல்லூரியிலும் வேலையிலும் திரும்பத் திரும்ப வரும் 'சிந்தசிஸ்', 'எம்பிரிக்கல்' போன்ற சொற்கள்தான் வரும் என்றார். மாணவர்கள் காதில் இது 'இனி வொக்காபுலரி படிக்க வேண்டாம்' என்று விழுந்தது. பல வீடுகளில் பட்டியல் பழைய பேப்பர்காரரிடம் போனது. ஆனால் பத்து வருடம் கழித்து வந்த கணினித் தேர்வில் கடினச் சொற்கள் மறுபடியும் வரிசைகட்டி நிற்கின்றன. அப்படியானால் படிக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எந்தச் சொற்களை, எந்த முறையில்? தேர்வின் வரலாற்றையும் நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. சொல் இந்தத் தேர்வை விட்டு ஒருநாளும் போகவில்லை. ஒரு சொல் 'தெரியும்' என்று எப்போது ஒப்புக்கொள்வது என்ற அளவுகோல்தான் மாறியது. அந்த மாற்றத்தில் கடினச் சொல்லை வில்லனாக்கியதில் கொஞ்சம் அநியாயமும் நடந்தது.

முதல் எஸ்ஏடி 1926 ஜூன் 23 அன்று நடந்தது. எழுதியவர்கள் 8,040 பேர். 97 நிமிடத்தில் 315 கேள்விகள், அதாவது நிமிடத்துக்கு மூன்றுக்கும் மேல். பொருள் கூறுதல், எதிர்ச்சொல், ஒப்புமை, பத்தி வாசித்தல், எண் வரிசை என்று ஒன்பது பகுதிகள். இல்லாத ஒரு மொழியின் சொற்களையும் இலக்கணத்தையும் அங்கேயே கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லும் விசித்திரமான பகுதியும் அதில் இருந்தது. வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகம். முதல் உலகப் போரில் சிப்பாய்களை அளக்கப் பயன்பட்ட ராணுவ அறிவுத்திறன் தேர்வின் வாரிசு இது. சொல்வளம் அதிகம் உள்ளவனுக்கு மூளை அதிகம் என்பதே அடிப்படை. அதே ராணுவப் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் 1923இல் பிரிகம், வடக்கு ஐரோப்பிய இனமே அறிவில் உயர்ந்தது என்று புத்தகம் எழுதினார். ஏழு வருடம் கழித்து, 1930இல், அந்த முடிவுக்கு ஆதாரம் கிடையாது என்று அவரே எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். வேறொரு மொழி பேசும் வீட்டில் வளர்ந்தவரிடம் ஆங்கிலத்தில் தேர்வு வைத்துவிட்டு மூளையை அளந்தோம் என்று சொல்ல முடியாது என்பது அவருக்கு அதற்குள் புரிந்திருந்தது. தேர்வு மட்டும் நின்றுபோகவில்லை. ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் உதவித்தொகை மாணவர்களைத் தேர்ந்தெடுக்க அதைக் கையில் எடுத்தார். 1947இல் தேர்வுத் தயாரிப்புக்கென்றே இடிஎஸ் என்ற நிறுவனம் உருவானது.

எஸ்ஏடி என்பதில் நடுவில் இருந்த 'ஏ' அப்போது 'ஆப்டிடியூட்' என்பதைக் குறித்தது, அதாவது இயல்பான திறன். இயல்பாக இருப்பதைப் பயிற்சி கொடுத்து ஏற்ற முடியாது என்பதே காலேஜ் போர்டின் நெடுநாள் வாதம். இதை உடைத்தவர் நியூயார்க்கின் புரூக்ளினில் பெற்றோர் வீட்டு அடித்தளத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டான்லி கேப்லன். 1946 முதல் எஸ்ஏடிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். வினாத்தாள் வெளியே வராத காலம் அது. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மாணவர்களைக் கூட்டி விருந்து வைப்பார். ஆளுக்கொரு கேள்வியை ஞாபகப்படுத்திச் சொல்லவேண்டும், அதுதான் மொய். 1979இல் அமெரிக்க வணிக ஆணையத்தின் ஆய்வும் பயிற்சியால் மதிப்பெண் கூடுகிறது என்று ஒப்புக்கொண்டது. அதே வருடம் நியூயார்க் மாநிலம், நடந்து முடிந்த தேர்வின் வினாத்தாளை வெளியிட வேண்டும் என்று சட்டம் போட்டது.

சொல் பட்டியல்களின் பொற்காலம் அந்தச் சட்டத்தோடு பிறந்தது என்று சொல்லலாம். பழைய வினாத்தாள்கள் கைக்கு வந்ததும் எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ண முடிந்தது. 1981இல் ஜான் கேட்ஸ்மன் தொடங்கிய பிரின்ஸ்டன் ரிவ்யூ, 3,500ஐ யாரும் படிக்க வேண்டாம், அடிக்கடி வருவதை மட்டும் படி என்று சுருக்கி, அதற்கு 'ஹிட் பரேட்' என்று சினிமாப் பாட்டு வரிசை மாதிரி பெயரும் வைத்தது. கேலியும் வியாபார புத்தியும் கலந்த இந்த நிறுவனத்துக்கும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. 1994இல் 'டூத் அண்ட் நெயில்' என்று ஒரு மர்ம நாவலே வந்தது. கதையோட்டத்தில் எஸ்ஏடி சொற்களைத் தடித்த எழுத்தில் தூவியிருப்பார்கள். கதை எப்படியோ, யோசனை பட்டியலைவிட மேல். காரணம் பின்னால் வரும்.

கடினச் சொற்களின் பின்வாங்கல் படிப்படியாக நடந்தது. 1994இல் எதிர்ச்சொல் பகுதி போனது. சூழலே இல்லாமல் ஒற்றைச் சொல்லைக் கொடுத்து எதிர்ப்பதம் கேட்டால் பிள்ளைகள் பட்டியலைத்தான் உருப்போடுவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அது பதில். அதே சமயத்தில் 'ஆப்டிடியூட்' என்ற சொல்லையும் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று எஸ்ஏடி என்ற மூன்றெழுத்துக்கு விரிவு எதுவும் இல்லை.

அடுத்தது ஒப்புமைப் பகுதி. இதன் முடிவுரையை எழுதியவர் ரிச்சர்ட் அட்கின்சன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, வசதியானவர்களின் தனியார் பள்ளி ஒன்றில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எஸ்ஏடிக்காக ஒப்புமைக் கேள்விகளை மாதாமாதம் மணிக்கணக்கில் பயிற்சி செய்வதைப் பார்த்தார். 2001 பிப்ரவரியில், தன் பல்கலைக்கழகம் இந்தத் தேர்வைக் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். எஸ்ஏடிக்குக் கலிஃபோர்னியாதான் அப்போது பெரிய வாடிக்கையாளர். காலேஜ் போர்டு இறங்கிவந்தது. 2005இல் ஒப்புமை நீக்கப்பட்டது. அந்தப் பகுதிக்கு ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் இருந்தது. ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ அப்படித் துடுப்பு வீரருக்கு எது என்ற ஒரு பழைய கேள்வியின் விடை 'ரெகாட்டா', அதாவது படகுப் பந்தயம். படகு கிளப்பில் அப்பா உறுப்பினராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது மூச்சு விடுவது போல வரும். சிகாகோவின் ஏழைத் தெருவில் வளர்ந்த பிள்ளை அந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கும்? 2016இல் கோடிட்ட இடத்தை நிரப்பும் பழைய பாணிக் கேள்விகளும் போயின. பட்டியல் செத்தது என்று எல்லாரும் எழுதினார்கள்.

ரெகாட்டா கதை எல்லாருக்கும் தெரியும். ராய் ஃப்ரீடல் கதை அவ்வளவாகத் தெரியாது. இடிஎஸ்ஸில் பல பத்தாண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அவர், 2003இல் ஹார்வர்ட் எஜுகேஷனல் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார். மொத்த மதிப்பெண் ஒரே அளவில் இருக்கும் கறுப்பின மாணவர்களையும் வெள்ளை மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்வியில் யார் தேறுகிறார்கள் என்று பார்த்தார். கடினமான கேள்விகளில் கறுப்பின மாணவர்கள் ஒரு படி மேலே இருந்தார்கள். எளிதான கேள்விகளில்தான் அவர்கள் பின்தங்கினார்கள். அவர் சொன்ன விளக்கம் யோசிக்க வைப்பது. கடினச் சொல் எந்த வீட்டிலும் புழங்குவதில்லை. எல்லாரும் அதைப் பள்ளியிலோ புத்தகத்திலோதான் கற்கிறார்கள், அதற்குப் பொருளும் பெரும்பாலும் ஒன்றுதான். எளிய சொல்லோ தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு வேறு நிழலில் புழங்குகிறது. கேள்வி தயாரித்தவரின் வீட்டில் எந்த நிழலோ அதுதான் 'சரியான' விடை. இடிஎஸ் தரப்பு இதைக் கடுமையாக மறுத்தது. ஆனால் 2010இல் மரியா வெரோனிகா சான்டெலிசஸும் பெர்க்லியைச் சேர்ந்த மார்க் வில்சனும் புதிய தரவுகளோடு திரும்பப் பார்த்தபோது, சொல் சார்ந்த கேள்விகளில் அதே போக்கு இருப்பதாகவே எழுதினார்கள்.

இதன் பொருள் பட்டியல் நல்லது என்பதல்ல. ஆனால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'ரெகாட்டா' ஒரு வகை, 'கேரலஸ்' வேறு வகை. முதலாவது வாழ்க்கை வசதியோடு வருகிறது. இரண்டாவது நூலகத்திலிருந்து எடுத்துவந்த கிழிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தாலும் வரும். வீட்டில் புத்தக அலமாரி இல்லாத பிள்ளைக்கு, உழைத்தால் பிடித்துவிடலாம் என்று நம்பிக்கை தந்த பகுதிகளில் ஒன்று அது. உழைத்துப் படிப்பதையே தேர்வின் குறையாகச் சொன்னது வசதியானவர்களின் வாதம் என்று யாராவது சொன்னால் முழுக்க மறுக்க முடியாது.

இப்போதைய தேர்வுக்கு வருவோம். கணினி வழி எஸ்ஏடி வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் வந்தது. மொத்தம் 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 54 கேள்விகள், இரண்டு மாட்யூலாக, ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். முதல் மாட்யூலில் எப்படிச் செய்தோம் என்பதைப் பார்த்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். பழைய நீண்ட பத்திகள் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 150 சொற்களுக்குள் தனித்தனிச் சிறு பத்தி. ஒவ்வொரு மாட்யூலும் சூழலில் சொல் கேள்விகளோடுதான் தொடங்குகிறது. பெரும்பாலும் அவை கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்பவை. 2016இல் வாசல் வழியாகப் போன கேள்வி ஜன்னல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்பதை ஆசிரியர்கள் உடனே கவனித்தார்கள்.

கேள்வியின் அச்சைக் காட்ட ஒரு கற்பனை உதாரணம். ஒரு மலருக்கு மகரந்தம் கடத்துவது ஒரு வகை அந்துப்பூச்சி மட்டுமே என்று ஓர் உயிரியலாளர் கருதினார். பிறகு இரவுக் கேமராவில் வௌவால்களும் அதே பூவுக்கு வந்து மகரந்தம் எடுத்துப்போவது பதிவானது. ஆகவே அந்தப் பதிவு அவருடைய கருத்தை ________. விடைகள் நான்கு: 'சப்ஸ்டான்ஷியேட்ஸ்', 'அண்டர்மைன்ஸ்', 'ரெப்லிகேட்ஸ்', 'ஆன்டிசிபேட்ஸ்'. அதாவது நிரூபிக்கிறது, ஆட்டம் காணவைக்கிறது, மறுபடி செய்துகாட்டுகிறது, முன்கூட்டி எதிர்பார்க்கிறது. விடை இரண்டாவது. நான்கு சொல்லுமே பாரன்ஸ் பட்டியலின் பயங்கரச் சொற்கள் அல்ல, செய்தித்தாளில் வருபவைதான். ஆனால் அரைகுறையாகத் தெரிந்தால் உதவாது. 'சப்ஸ்டான்ஷியேட்' என்றால் ஏதோ ஆதாரம் சம்பந்தப்பட்டது என்ற அளவில் மட்டும் தெரிந்த மாணவர், பத்தியில் கேமராப் பதிவு என்ற ஆதாரத்தைப் பார்த்ததும் அதில்தான் விழுவார். தப்பிக்க வைப்பது 'மட்டுமே' என்ற சின்னஞ்சிறு சொல். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

தெரிந்த சொல்லின் தெரியாத முகமும் இங்கே உண்டு. 2016 மாற்றத்தின்போது காலேஜ் போர்டு வெளியிட்ட மாதிரிக் கேள்வியில், வரும் காலத்தில் வேலைகளும் புதுமைகளும் சில பெருநகரங்களில் மேலும் 'இன்டென்ஸ்' ஆகக் குவியும் என்ற வாக்கியம் வந்தது. உணர்ச்சிகரமான, அடர்த்தியான, பிரகாசமான, உறுதியான என்ற நான்கில் எது பொருந்தும் என்று கேட்டார்கள். அடர்த்திதான் விடை. இதே குடும்பத்தில் நம்மவர்களை அதிகம் சறுக்கவைக்கும் சொல் 'குவாலிஃபைட்'. தகுதி பெற்ற என்றுதான் சின்ன வயதிலிருந்து தெரியும். ஒரு விமர்சகர் ஒரு கோட்பாட்டுக்கு 'குவாலிஃபைட்' ஆதரவு கொடுத்தார் என்றால், முழு மனதோடு கொடுக்கவில்லை, 'ஆனால்' போட்டுக் கொடுத்தார் என்று பொருள். ஃப்ரீடல் எச்சரித்த எளிய சொல் இப்படித் தேர்வுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது சொல்லைச் சுற்றி ஒரு பத்தி இருக்கிறது, எந்த நிழல் என்று அது காட்டிக்கொடுக்கிறது. அந்த வகையில் புதிய வடிவம் பழையதைவிட நேர்மையானது.

சரி, எந்தச் சொற்களைப் படிப்பது? நாவல் படி, தானாக வரும் என்பது ஆங்கில ஆசிரியர்களின் பொன்மொழி. ஆய்வுகள் அதற்கு அரை ஆதரவுதான் தருகின்றன, மேலே சொன்ன 'குவாலிஃபைட்' ஆதரவு. வில்லியம் நேகி, ரிச்சர்ட் ஆண்டர்சன், பட்ரிசியா ஹெர்மன் மூவரும் 1987இல் செய்த ஆய்வில், சாதாரணமாக வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொல் ஒருமுறையில் மனதில் நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. வருடம் முழுக்க லட்சக்கணக்கான சொற்களை வாசிக்கும் சிறு பிள்ளைக்கு இந்த விகிதமே பெரிய சொத்து. மூன்று மாதத்தில் பரீட்சை வைத்துக்கொண்டிருப்பவருக்கு இது போதாது.

இன்னொரு கணக்கும் உண்டு. நியூசிலாந்தின் வெலிங்டனில் ஆவரில் காக்ஸ்ஹெட் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வித்துறைப் பனுவல்களைத் திரட்டி, எல்லாத் துறைகளிலும் பொதுவாக வரும் சொற்களைப் பொறுக்கி, 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். அந்த 570 குடும்பங்களே கல்வி நூல்களின் மொத்தச் சொற்களில் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கின்றன. அதே சொற்கள் புனைகதைகளில் 1.4 சதவீதம்தான். நாவலாகப் படித்துத் தள்ளுபவருக்கும் 'ஹைபாதிசிஸ்', 'டெரைவ்', 'இம்ப்ளிசிட்' போன்றவை அவ்வளவாக எதிர்ப்படாது. அவற்றுக்கு அறிவியல் இதழ்கள், வரலாற்றுக் கட்டுரைகள், நல்ல பத்திரிகையின் ஆய்வுப் பக்கங்கள்தான் கதி. எஸ்ஏடியின் சிறு பத்திகளும் பாதிக்கு மேல் அந்த வாடையில்தான் எழுதப்படுகின்றன.

இசபெல் பெக், மார்கரெட் மெக்கோன், லிண்டா குசான் மூவரின் 2002ஆம் ஆண்டு நூல் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தது. வீடு, ஓடு, சிவப்பு என்று எல்லாருக்கும் தெரிந்தவை முதல் அடுக்கு. ஒளிச்சேர்க்கை மாதிரி ஒரு துறைக்கே உரியவை மூன்றாம் அடுக்கு. நடுவில் நிற்பவைதான் முக்கியம்: எந்தத் துறைக் கட்டுரையிலும் வரக்கூடிய, பேச்சில் அரிதான சொற்கள். 'டென்யுவஸ்', 'கரோபரேட்', 'மிட்டிகேட்', 'ஆம்பிவலன்ட்', 'போல்ஸ்டர்', 'நுவான்ஸ்' எல்லாம் இந்த நடு அடுக்கு. வாதம் எழுதவும் வாதத்தை உடைக்கவும் இவை இல்லாமல் முடியாது. காக்ஸ்ஹெட்டின் 570ஐயும் இந்த நடு அடுக்கிலிருந்து இன்னும் சில நூறையும் ஆழமாகக் கற்றவருக்கு 3,500இன் மிச்சம் அலங்காரம்தான்.

கற்பது எப்படி என்பதில் ஆய்வு தெளிவாகப் பேசுகிறது. மாணவர்கள்தான் கேட்பதில்லை. 1885இலேயே ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதல் சில மணி நேரத்தில்தான் கொத்தாக நடக்கிறது என்று காட்டினார். 2008இல் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் சயன்ஸ் இதழில் எழுதிய சோதனை இன்னும் நேரடியானது. மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். சிலர் ஒரு சொல் ஒருமுறை நினைவுக்கு வந்த பிறகும் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டே இருந்தார்கள். சிலர் சோதிப்பதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் வகையினருக்கு ஏறத்தாழ 80 சதவீதம் ஞாபகம் இருந்தது. இரண்டாம் வகையினருக்கு மூன்றில் ஒரு பங்குதான். வேடிக்கை என்னவென்றால், எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது இரு வகையினரும் பாதிக்குப் பாதி என்றே சொல்லியிருந்தார்கள். பட்டியலை மஞ்சள் மார்க்கரால் அடித்து அடித்து வாசிப்பவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்த மாதிரிதான் ஆபத்து.

சுயசோதனையை இடைவெளிவிட்டுச் செய்வதற்கு 1970களில் ஜெர்மானியப் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் ஒரு அட்டைப்பெட்டி முறையைச் சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், நாள் கழித்துத் திரும்பி வரும். தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே வரும். இன்றைய ஆன்கி செயலி இதைக் கணினி செய்கிற மாதிரி மாற்றிய வடிவங்களில் ஒன்று. 2006இல் வந்தது, கணினியில் இலவசம். ஜப்பானிய மொழியில் ஆன்கி என்றாலே மனப்பாடம்தான்.

அகர வரிசையில் படிப்பது இருப்பதிலேயே மோசமான வழி. அடுத்தடுத்து வரும் ஒத்த ஒலிச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். காதில் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும் 'அப்ஜுரேஷ'னையும் 'அட்ஜுரேஷ'னையும் ஒரே நாளில் படித்தவரைக் கேட்டால் தெரியும். சீனாவில் கல்லூரித் தேர்வுக்கான ஆங்கிலச் சொற்புத்தகங்களைப் பற்றி ஒரு பழைய ஜோக் உண்டு. முதல் சொல் 'அபாண்டன்', கைவிடு. அதைப் படித்ததும் மாணவர் புத்தகத்தைக் கைவிட்டுவிடுவார்.

அட்கின்சனின் இன்னொரு முகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒப்புமைக் கேள்விக்கு முடிவுகட்டிய அதே மனிதர், அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு ஸ்டான்ஃபோர்டில் நினைவாற்றல் ஆய்வாளராக இருந்தார். 1975இல் மைக்கேல் ராவுடன் சேர்ந்து, அந்நியச் சொல்லின் ஒலிக்கு நெருக்கமான தாய்மொழிச் சொல் ஒன்றைப் பிடித்து, இரண்டின் பொருளையும் ஒரே காட்சியாகக் கற்பனை செய்யும் முறையை ரஷ்யச் சொற்களில் சோதித்தார். அப்படிப் படித்தவர்கள் 120 சொற்களில் 72 சதவீதம் சொன்னார்கள், மற்றவர்கள் 46 சதவீதம். ஆறு வாரம் கழித்தும் 43க்கு 28 என்று இடைவெளி நின்றது. தமிழ் தெரிந்தவருக்கு இந்த வித்தையில் ஒரு சலுகை உண்டு. பட்டியலின் முதல் பக்கத்திலேயே 'அபேஸ்' என்று ஒரு சொல். இழிவுபடுத்து என்று பொருள். பஸ்ஸில் ஒருவரின் பர்ஸ் அபேஸ் ஆகிவிட்டது. டிக்கெட்டுக்குக் காசில்லாமல் கண்டக்டர் முன்னால் கூனிக்குறுகி நிற்கிறார். இந்தக் காட்சியை ஒருமுறை மனதில் ஓட்டியவர் அந்தச் சொல்லை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

லத்தீன், கிரேக்க வேர்களைப் படித்தால் போதும் என்ற பள்ளியும் உண்டு. 1949இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈசி' அந்த வழியில் எழுதப்பட்டது. இந்தியாவில் அது நடைபாதைக் கடைகளில்கூடக் கிடைக்கிறது, இன்றும் விற்கிறது. 'பெனி' என்றால் நன்மை, 'மேல்' என்றால் தீமை என்று தெரிந்தவருக்கு 'பெனிவலன்ட்', 'மெலிவலன்ட்' இரண்டும் ஒரே மூச்சில் வரும். ஆனால் வேரை மட்டும் நம்பினால் காலை வாரும். 'எனர்வேட்' என்பதைக் கேட்டால் தெம்பூட்டுவது போலத் தோன்றும், பொருளோ தெம்பை உறிஞ்சுவது. 'நாய்சம்' என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, குமட்டவைக்கும் நாற்றம் அது. வேர் ஊகிக்க உதவும். உறுதிசெய்ய வாக்கியம்தான் வேண்டும்.

இதனால்தான் அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் ஒற்றை வரிப் பொருள் என்ற வடிவம் இன்றைய தேர்வுக்குப் போதாது. 'டென்யுவஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் முன்பக்கத்தில் கோடிட்ட வாக்கியம் இருக்கலாம்: அந்த இரண்டு கல்வெட்டுகளுக்கும் உள்ள தொடர்பு ________, ஒரே ஒரு எழுத்தின் ஒற்றுமையை வைத்துச் சொல்லப்பட்டது. பின்பக்கத்தில் சொல், 'மெலிந்த, பிடிமானம் இல்லாத' என்ற பொருள், அதோடு அந்தச் சொல் யாரோடு கூட்டுச் சேரும் என்ற குறிப்பு: தொடர்பு, வாதம், பிடி ஆகியவை டென்யுவஸ் ஆகலாம், மனிதர் ஆகமாட்டார். நான்காவதாக, குழப்பக்கூடிய பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று. 'டெனேஷியஸ்', விடாப்பிடியான. ஒலியில் உறவு, பொருளில் நேர் எதிர். இப்படி ஒரு அட்டை தயாரிக்க நான்கு நிமிடம் ஆகும். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு இருபது சொல் முடியாது, எட்டோ பத்தோதான். மூன்று மாதத்தில் எழுநூறு வரும். அதற்கு மேல் தேவையும் இல்லை. 2015 முதல் காலேஜ் போர்டுடன் சேர்ந்து கான் அகாடமி தரும் இலவசப் பயிற்சியில் கேள்விகள் நிறையக் கிடைப்பதால், தப்பாகப் போன கேள்வியிலிருந்தே அட்டைக்கு வாக்கியம் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல். அண்ணனோ அக்காவோ ஜிஆர்இக்குப் படித்த தடித்த புத்தகம் பிளஸ் டூ படிக்கும் தம்பியின் எஸ்ஏடி மேசைக்கு வந்துவிடும். ஜிஆர்இ மேற்படிப்புக்கான தேர்வு. 2011 ஆகஸ்டில் அதிலும் எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் போய்விட்டன, ஆனாலும் அதன் கோடிட்ட இடங்களில் அரிய சொற்கள் இன்றும் ஏராளம். எஸ்ஏடியின் எல்லை அதைவிடக் குறுகலானது, ஆனால் நுணுக்கம் அதிகம். அண்ணன் புத்தகத்தில் 'லுகூப்ரியஸ்' இருக்கும், 'குவாலிஃபைட்' இருந்தாலும் கண்ணில் படாது. தம்பிக்கு இரண்டாவதுதான் மார்க்.

தேர்வின் செல்வாக்கே கேள்விக்குள்ளான காலமும் வந்து போனது. கொரோனாவின்போது பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் எஸ்ஏடியைக் கட்டாயமில்லை என்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அட்கின்சன் கேட்டு இருபது வருடம் கழித்து, மதிப்பெண்ணைப் பார்ப்பதையே நிறுத்தியது. எம்ஐடி 2022இல் மறுபடி கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை பின்தொடர்ந்தன. பள்ளி மதிப்பெண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வீங்கிவிட்டபோது, வசதி குறைந்த பள்ளியின் திறமையான பிள்ளையைக் கண்டுபிடிக்க எஸ்ஏடி உதவுகிறது என்பது டார்ட்மவுத் சொன்ன காரணம். ஃப்ரீடல் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம்.

தேர்வு அறையின் கணக்கு எளிது. 32 நிமிடத்தில் 27 கேள்வி, ஒன்றுக்கு 71 நொடி. வரிசையில் முதலில் வரும் நாலைந்து கேள்விகள் சொல் பற்றியவை. சொல் கைவசம் இருப்பவர் அவற்றை ஒன்றுக்கு 30 நொடியில் முடித்து, மிச்சம் பிடித்த மூன்று நிமிடத்தைக் நடுவில் வரும் ஊகக் கேள்விக்கும் புள்ளிவிவர அட்டவணைக்கும் எடுத்துவைக்கிறார். சொல் இல்லாதவர் நான்கு விடைகளையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்துக்கொண்டு முதல் திரையிலேயே நிற்கிறார், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது மாட்யூல் கடினமானதா எளிதானதா என்பதும் அங்கேயே முடிவாகத் தொடங்குகிறது.